மறைப்பு நீக்கக் குழுவின் ஒரே கூட்டம்

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் பத்து மாடிகள் இருந்தன, இருபத்திரண்டு குழுக்கள் இருந்தன, ஒரே ஒரு லிஃப்ட் இருந்தது. மூன்றில் உருப்படியாக வேலை செய்தது லிஃப்ட் மட்டும்தான் என்று சொன்னால் மாடிகள் கோபித்துக்கொள்ளும். அவையும் பாவம் விழாமல் நின்றுகொண்டுதான் இருந்தன.

லிஃப்டைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். பதினான்கு வருஷமாக அதன் கயிறு, பிரேக், கதவு, பொத்தான் எல்லாவற்றுக்கும் அவர்தான் தாயும் தகப்பனும். எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி கண்டுபிடிப்பது நிறுவனத்தின் வேலை. கண்டுபிடிக்கப் போகிறவர்களைக் காலையில் மேலே ஏற்றுவதும், கண்டுபிடிக்காமல் திரும்புகிறவர்களைச் சாயங்காலம் கீழே இறக்குவதும் அவர் வேலை. இரண்டாவது வேலையில் ஒருநாளும் குறை வந்ததில்லை.

ஒருநாள் 'ஆரோக்கியமான தன்னார்வலர்கள் தேவை' என்று ஒரு தாளைக் கொடுத்து லிஃப்டுக்குள் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டியவரே முதலில் படித்தார். அவரோடு முன்பு வேலை பார்த்த ஒரு மெக்கானிக் அந்த நோயில்தான் செத்துப்போனான். தூக்குவதற்கு நாலு பேர் சேரவில்லை. லிஃப்ட்காரரும் மருத்துவமனை ஊழியர்கள் இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். அந்த நாலாவது மூலை காலியாக இருந்தது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. பசை காய்வதற்குள் மூன்றாம் மாடிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டார்.

ஊசி போட்ட நர்ஸம்மா விளக்கமாகச் சொன்னார். "இதுல கிருமி கிடையாதுங்க. கிருமியோட சட்டையை மட்டும் உடம்புக்குக் காட்டுறோம். சட்டையைப் பாத்து வெச்சுக்கிட்டு உடம்பு போலீஸைத் தயார் பண்ணும். அந்தப் போலீஸுக்குப் பேருதான் ஆன்டிபாடி."

"எனக்குப் போடுறது அதுதானே?"

"அது தெரியாது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, இயக்குநருக்கும் தெரியாது. மறைச்சு வெச்சாத்தான் ஆய்வு ஒழுங்கா நடக்கும்."

யாருக்கும் எதுவும் தெரியாது என்பது அந்தக் கட்டடத்தில் லிஃப்ட்காரருக்குப் புதிய செய்தி இல்லை. அதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள் என்பதுதான் புதிது. சட்டைக்கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். அன்றுமுதல் அவர் பங்கேற்பாளர் 417.

ஒன்றரை வருஷம், ஐந்து ஊசி. அப்புறம் ஒருநாள் ஆறாம் மாடியில் கைதட்டல் கேட்டது. நானூற்று ஐம்பது பேரில் ஒரே ஒருவருடைய ரத்தத்தில், வைரஸ் எந்த வேஷம் போட்டு வந்தாலும் அடையாளம் கண்டு மடக்குகிற ஆன்டிபாடி உருவாகியிருக்கிறதாம். உலகமெல்லாம் இத்தனை வருஷமாகத் தேடுவது இதைத்தானாம். அந்த ஒருவர் 417. இந்தச் செய்தியை லிஃப்டுக்குள் இரண்டு விஞ்ஞானிகள் அவருடைய தோளுக்கு மேலாகப் பேசிக்கொண்டு போனார்கள். "417 யாராயிருக்கும்?" என்றார் ஒருவர். "யாராயிருந்தா என்ன, நல்ல ரத்தம்," என்றார் மற்றவர். லிஃப்ட்காரர் ஆறாம் மாடியில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார்.

அந்த ஆன்டிபாடிக்கு இயக்குநருடைய பெயரையே வைத்தார்கள். ஊசி குத்திக்கொண்டது ஒருவர், பெயர் ஒருவருக்கு. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதேதான். அதோடு விடவில்லை. ஆன்டிபாடி பார்ப்பதற்குக் கவட்டைக் கொம்பு மாதிரி இருக்குமாம். ஆள் உயரத்துக்கு வெண்கலத்தில் ஒரு கவட்டை வார்த்துப் பத்தாம் மாடியில் நிறுத்துவதென்று முடிவானது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது இதற்கப்புறம்தான்.

லிஃப்ட்காரருக்கு ஒரே அக்கா. ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர். சிவப்புப் பேனா இல்லாமல் அவர் கல்யாணப் பத்திரிகையைக்கூடப் படித்ததில்லை. இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். தம்பியின் சிறுநீரகம் பொருந்தும் என்று தெரிந்தபோது வீட்டில் எல்லோரும் அழுதார்கள். அக்கா மட்டும், "சின்ன வயசுல என் மிட்டாயைப் புடுங்கித் தின்னதுக்கு இப்பக் கணக்கு நேராச்சு," என்றார்.

மாற்று அறுவைக்கு முன்னால் எல்லா ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். டாக்டரம்மா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"உங்க ரத்தத்துல எச்.ஐ.வி. ஆன்டிபாடி இருக்குங்க."

லிஃப்ட்காரர் சிரித்துவிட்டார். "தெரியும் டாக்டர். எங்க ஆபீஸ்ல அதுக்குச் சிலையே வைக்கிறாங்க."

டாக்டரம்மா பொறுமைசாலி. முழுக்கதையும் கேட்டார். ஆன்டிபாடியை விட்டுவிட்டு வைரஸையே நேராகத் தேடும் பரிசோதனைக்கு அனுப்பினார். வைரஸ் இல்லை, மருந்துக்குக்கூட இல்லை.

"நல்லது. ஆனா வைரஸ் இல்லாத உடம்புல ஆன்டிபாடி எப்படி வந்துச்சுன்னு காரணம் வேணும். இது எங்க ஊசியால வந்ததுன்னு உங்க நிறுவனம் ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். பதினெட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கடிதம் வேணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அக்கா கையில இனிமே ஊசி ஏத்த நரம்பு இல்லை. இந்தத் தேதியை விட்டா நான் எதுவும் சொல்றதுக்கில்லை."

"ஒரு வரிதானே டாக்டர். அந்த ஆபீஸ்ல எழுதுறதுக்குன்னே நூத்தம்பது பேர் இருக்காங்க," என்றார் லிஃப்ட்காரர். அன்றைக்குத் தேதி இரண்டு.

இயக்குநரைப் பார்க்க நேரம் கேட்டால் ஆறு வாரம் ஆகும். லிஃப்டில் அவர் தினம் இரண்டு வேளை தானாகவே வந்து ஏறுவார். மூன்றாம் தேதி காலையில் பொத்தானை அழுத்திவிட்டு லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, அந்த 417 நான்தாங்க."

இயக்குநர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லாதீங்க! சொல்லாதீங்க! மறைப்பு! மறைப்பு!"

காதைப் பொத்தியவருக்கும் கேட்கிற குரலில் லிஃப்ட்காரர் அக்காவின் கதையைச் சொல்லி முடித்தார். ஏழாம் மாடி தாண்டியதும் இயக்குநர் கையை எடுத்தார்.

"இங்க பாருங்க. 417-க்கு ஆன்டிபாடி இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு அக்கா இருக்காங்கன்னும் இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஆனா 417-க்கு அக்கா இருக்காங்கன்னு எனக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா ஆய்வு கெட்டுப்போகும்."

"தெரியலைன்னா அக்கா செத்துப்போவாங்களேங்க."

"அது ஆய்வுல வராது," என்றார் இயக்குநர், ஆறுதலாக. "மறைப்பு நீக்கக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அவங்ககிட்ட முறைப்படி மனு குடுங்க."

குழுவின் செயலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயரே முறைப்படி. தும்மல் வந்தாலும் கைக்குட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துவிட்டுத்தான் தும்முவார். மனுவை வாங்கி மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார்.

"பேரு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க. என் பேருதான்."

"பங்கேற்பாளரோட பேரை வெளியிடுறது ரகசியக் காப்பு விதிக்கு விரோதம். உங்க ரகசியத்தை நீங்களே மீறியிருக்கீங்க. உங்க நலனைக் கருதி உங்கமேல நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்."

மறுநாள் பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் போட்டுக் கொண்டுபோனார்.

"மனுதாரர் பேரு இல்லையே," என்றார் முறைப்படி. "பேரில்லாத மனுவை மொட்டைக் கடுதாசின்னு சொல்லுவாங்க."

மூன்றாம் முறை பெயரை எழுதி, அதன்மேல் ஒரு தாளை ஒட்டி மறைத்துக் கொண்டுபோனார். முறைப்படியின் முகம் மலர்ந்தது. பதினோரு வருஷத்தில் இவ்வளவு முறையான மனுவை அவர் பார்த்ததில்லையாம். உடனே முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தார். "இனி குழு கூடினா முடிவுதான். ஏழு உறுப்பினர். ஏழு பேரும் ஒரே நேரத்துல, ஒரே அறையில, சாத்தின கதவுக்குள்ள இருக்கணும். அதுதான் விதி."

"எப்ப கூடுவாங்க?"

"மாசம் ரெண்டு தடவை கூடுவோம்."

"கூடி?"

"ஏழு பேர் இல்லைன்னு பதிவு பண்ணிட்டுக் கலைவோம்."

வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் பங்கேற்பாளர் 112. வெளிநாட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தும், இதே மாதிரி பரிசோதனையில் ஆன்டிபாடி தெரிந்து தடைப்பட்டு நிற்கிறவள். அதே ஒரு வரிக்காகத்தான் வருகிறாள். "ரெண்டு வருஷமாச்சுங்கண்ணா," என்றாள். "முதல்ல அழுதுட்டே வருவேன். இப்ப ஸ்வெட்டர் பின்ன எடுத்துட்டு வர்றேன்." அது நாலாவது ஸ்வெட்டராம்.

ஐந்தாம் தேதி கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். ஏழாமவர் 'கூட்டங்களுக்கு நேரத்தோடு வருவது எப்படி' என்ற பயிற்சிக்குப் போயிருந்தார். பன்னிரண்டாம் தேதி லிஃப்ட்காரரே கெஞ்சிக் கூத்தாடி நடத்திய சிறப்புக் கூட்டத்துக்கு அந்த ஏழாமவர் வந்தார். அவர் வந்துவிட்டார் என்ற நம்பிக்கையில் மற்ற மூன்று பேர் டீ குடிக்கப் போனார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது மிச்சம் நாலு பேரும் அவர்களைத் தேடிப் போயிருந்தார்கள். லிஃப்ட்காரர் படியிலும் லிஃப்டிலுமாக ஏழு பேரையும் ஏற்றி இறக்கி ஏற்றினார். தவளையைத் தராசில் நிறுத்தலாம், இவர்களை நிறுத்த முடியாது.

மனுவின் நிலவரத்தைச் சொல்லி ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தது. அக்கா படுக்கையில் இருந்தபடியே வீங்கிய கையால் சிவப்புப் பேனாவை எடுத்தார். "'உரிய காலத்தில் உரிய நடவடிக்கை உரிய முறையில்'னு எழுதியிருக்கான். மூணு உரியதையும் அடிச்சுட்டேன். பாக்கி என்ன இருக்குன்னு பாரு." பாக்கி ஒன்றுமில்லை.

"டேய் தம்பி," என்றார் பேனாவை மூடிக்கொண்டே. "முடியலைன்னா விட்டுடு. உன்மேல எனக்கு வருத்தமில்லை."

லிஃப்ட்காரர் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். குழாய்ச் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்காது என்று நினைத்தார். கேட்டது.

பதினெட்டாம் தேதி சிலைத் திறப்பு விழா. தரைத்தளத்தில் கூட்டம். சிலையோ லிஃப்ட் வாசலில் சணல் துணி சுற்றி நின்றது. நாலு ஆள் கனம். லிஃப்டின் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது, கனம் ஏற்றாதீர்கள் என்று லிஃப்ட்காரர் ஆறு மாதம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். அது லிஃப்ட் பாதுகாப்புத் துணைக்குழுவின் பரிசீலனையில் இருந்தது. அளவுக்கு மேல் ஏற்றினால் அடிக்கும் மணியை மட்டும், விருந்தாளிகள் முன்னால் சத்தம் போடுகிறது என்று, அந்தத் துணைக்குழு ஒரே நாளில் கழற்றிவிட்டது.

இயக்குநர் பேசினார். "மனித உடம்பு ஒரு ஆன்டிபாடி தயாரிக்க அவசர அவசரமா சில மாசத்துல முடிச்சுடுது. அதுக்கு அனுமதி வாங்குற பழக்கம் கிடையாது, குழு கிடையாது, கோப்பு கிடையாது. நாங்க அப்படியில்லை. பதினோரு வருஷத்துல வெளியிலிருந்து எது வந்தாலும் உள்ள விடாம தடுத்திருக்கோம். மனு வந்தா தடுத்திருக்கோம். கேள்வி வந்தா தடுத்திருக்கோம். தடுப்புன்னா என்னன்னு உடம்பு எங்ககிட்ட கத்துக்கணும்." பலத்த கைதட்டல். "இந்த வெற்றிக்குக் காரணமான 417 எங்கிருந்தாலும் வாழ்க. அவர் யாருன்னு நமக்குத் தெரியாது. தெரிஞ்சுக்காம இருக்குறதுதான் நாம அவருக்குக் காட்டுற மரியாதை."

கடைசி வரிசையில் நின்ற 417 கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால்.

சிலையை மேலே கொண்டுபோகும் மரியாதை மறைப்பு நீக்கக் குழுவுக்குத்தான் என்று நிரலில் போட்டிருந்தது. குழுவின் தலைவர் வேறு யாருமில்லை, இயக்குநரேதான்; செயலாளரோடு சேர்த்துத்தான் ஏழு பேர். லிஃப்ட்காரர் வாசலில் குறுக்கே நின்றார். "சிலையும் நீங்களும் ஒண்ணாப் போனா தாங்காதுங்க."

"துணைக்குழு அப்படி ஒண்ணும் சொல்லலையே," என்றார் முறைப்படி. லிஃப்ட்காரரை விலக்கிவிட்டு ஏறிக்கொண்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் முக்கியது, முனகியது, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

லிஃப்ட்காரர் நாலாம் மாடிக்கு ஓடினார். சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்தார். தரையோடு தரையாக ஒரு முழத்துக்கு இடைவெளி; அதற்குக் கீழே வியர்த்த வழுக்கைகளும் ஒரு வெண்கலக் கவட்டையும் தெரிந்தன. அவர் குப்புறப் படுத்துக்கொண்டு எல்லா லிஃப்ட் மெக்கானிக்கும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஏழு பேர்!" என்று கத்தினார் முறைப்படி.

லிஃப்ட்காரர் முழங்கையை ஊன்றி இடைவெளிக்கு இன்னும் நெருங்கினார்.

"ஏழு பேருமா?"

முறைப்படிக்கும் அது இப்போதுதான் உறைத்தது. மற்றவர்களை ஒருமுறை எண்ணினார், மறுபடி எண்ணினார். "ஏழு பேர். ஒரே நேரம். சாத்தின கதவு. ஐயா, பதினோரு வருஷத்துல முதல் தடவையா குழு கூடியிருக்கு!"

"லிஃப்ட் கூட்ட அறை ஆகாது," என்றார் ஓர் உறுப்பினர்.

"அறைன்னா என்ன? நாலு சுவர், ஒரு கூரை, ஒரு கதவு," என்றார் முறைப்படி. "இதுல ஒண்ணும் குறையலை. வெளியாள் வர முடியாது. உள்ளாள் போகவும் முடியாது. விதி எழுதினவர் மனசுல இதைத்தான் நினைச்சிருக்கணும்."

லிஃப்ட்காரர் சட்டைப் பையிலிருந்து மனுவின் நகலையும் பேனாவையும் எடுத்து இடைவெளி வழியாக நீட்டினார். "நான் மேல போய்ச் சக்கரத்தைக் கையால சுத்தி உங்களை இறக்கணும். இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் சும்மாதானே இருப்பீங்க."

அவர் மனதில் ஒரு வஞ்சமும் இல்லை. நேராக மேலே ஓடி, மூச்சு வாங்க வாங்கச் சக்கரத்தைச் சுற்றினார். பதினெட்டாவது நிமிஷம் லிஃப்ட் மூன்றாம் மாடியில் சமமாக வந்து நின்றது. இறங்கி வந்து கதவைத் திறந்தார்.

ஒருவரும் வெளியே வரவில்லை.

"கதவைச் சாத்துய்யா!" என்றார் இயக்குநர், உள்ளேயிருந்து. "கூட்டம் நடக்குது!"

சாத்தினார். வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி. நாலு பத்து. உள்ளே தேநீர் இல்லாததைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேறுகிற சத்தம் கேட்டது. நாலு இருபதுக்குக் கதவு விலகி ஒரு கை மட்டும் வெளியே வந்தது. கையில் ஒரு தாள், அதில் முத்திரை, அதில் ஒரே ஒரு வரி. முத்திரையையும் மையட்டையையும் முறைப்படி எப்போதும் பையிலேயே வைத்திருப்பார் என்பது அன்றைக்குத்தான் உலகத்துக்குப் பயன்பட்டது.

டாக்டரம்மா கையில் அந்தத் தாள் போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்கு ஏழு நிமிஷம் இருந்தது.

அக்கா பிழைத்தார். ஒரு மாதத்தில் எழுந்து உட்கார்ந்து மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையைத் திருத்தத் தொடங்கினார். அப்போதுதான் நிறுவனத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. லிஃப்ட்காரர் உரக்கப் படித்தார்: 'மறைப்பு நீக்கப்பட்டதால் 417 ஆய்விலிருந்து விலக்கப்படுகிறார். அவருடைய முடிவுகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகின்றன. மீதமுள்ளவர்களில் எவருக்கும் குறிப்பிடத்தக்க ஆன்டிபாடி உருவாகாததால் ஆய்வு தோல்வி என முடிவு செய்யப்படுகிறது. அத்தகைய ஆன்டிபாடி எவர் உடலிலும் இருந்ததில்லை.'

அக்கா கடிதத்தை வாங்கினார். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு, ஓரத்தில் எழுதினார்: 'இங்கே ஓர் ஆள் விட்டுப்போயிருக்கிறது.'

விடுப்பு முடிந்து லிஃப்ட்காரர் வேலைக்குப் போன அன்று மேசைமேல் இரண்டு உத்தரவுகள் காத்திருந்தன. அவர் விடுப்பில் இருந்தபோது பத்தாம் மாடிக்கு ஏறியிருந்த, இல்லாத ஆன்டிபாடிக்கு வைத்த சிலையை இறக்க வேண்டும். இறக்கும்போது மறைப்பு நீக்கக் குழு முழுவதும் உடனிருந்து சாட்சிக் கையெழுத்துப் போடும் என்பது ஒன்று. பிரேக் கட்டையை மாற்றும் விண்ணப்பம் பரிசீலனையில் நீடிக்கும் என்பது இன்னொன்று. அதை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அறுவைக்கு முந்தின நாள் ராத்திரியே, கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, கட்டையை யாரிடமும் கேட்காமல் மாற்றி, கழற்றிய மணியையும் மாட்டிவிட்டிருந்தார். அதற்கப்புறம் அந்த லிஃப்ட் தானாக நிற்காது, நிறுத்தினால்தான் நிற்கும்.

வெளியே பெஞ்சில் 112 ஐந்தாவது ஸ்வெட்டருக்குக் கழுத்து பின்னிக்கொண்டிருந்தாள்.

"மனுவோட நகல் இருக்காம்மா?" என்றார் லிஃப்ட்காரர்.

"இருக்குண்ணா. எதுக்கு?"

"குடு. பேனாவும் குடு."

பத்தாம் மாடியில் நாலு பேர் சிலையைச் சாய்த்து லிஃப்டுக்குள் வைத்தார்கள். பிறகு குழுவினர் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். சிலை கனக்கிறது, இரண்டு பேர் அடுத்த முறை வரலாம் என்று மணி அடித்துப் பார்த்தது. முறைப்படி அதை முறைத்தார். லிஃப்ட்காரரே மணியை அமர்த்திவிட்டு, "புதுக் கட்டை, தாங்கும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, ஏழாவது ஆள் ஏறும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். கதவு சாத்தியதும் மேலே இயந்திர அறைக்குப் போய், எண்ணிப் பன்னிரண்டு விநாடி கழித்து மின்சாரத்தை நிறுத்தும் விசையைக் கீழே தள்ளினார். பிறகு அவசரமில்லாமல் படியிறங்கி, வெளிக்கதவைச் சாவி போட்டுத் திறந்து, தையல் போட்ட விலாப்பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குப்புறப் படுத்தார்.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"